கோவேறு கழுதையும் நீராவி ரயிலும் விட்டுப்போன பாதை: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை, மோட்டார் வாகனம் நுழையாத சரளைப் பாதையிலேயே மலையைக் கடந்து சைக்கிளில் போக முடியும் என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கோப்பையே நிறைத்துவிட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 58. மகள் வர்ஜீனியாவில் இருப்பதால் அடுத்த ஆண்டு அங்கே போகிறேன். தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கும் பழக்கம் உண்டு. ஆனால் மருதமலை அடிவாரத்துச் சிறு ஏற்றத்திலேயே மூச்சு வாங்குகிறது. அல்லிகெய்னி மலையை என் போன்றவர்கள் சைக்கிளில் கடக்க முடியும் என்பதை நம்பலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நம்பலாம். மலை ஏறுகிறோம் என்றதும் நம் மனத்தில் கொண்டை ஊசி வளைவுகள்தான் தோன்றும். இந்தப் பாதையில் அப்படி ஒரு வளைவுகூடக் கிடையாது. இது உண்மையில் இரண்டு பாதைகள் சேர்ந்தது. பிட்ஸ்பர்க்கிலிருந்து மெரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்து வரை 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர், ‘கிரேட் அல்லிகெய்னி பாசேஜ்’ என்ற பாதை. இதன் பெரும்பகுதி, கைவிடப்பட்ட ரயில் தடத்தின்மீது சுண்ணாம்புக்கல் தூளைப் பரப்பிக் கெட்டித்தது. கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 184.5 மைல், சுமார் 297 கிலோமீட்டர், செசப்பீக்–ஓஹையோ கால்வாயின் கரைப்பாதை. படகை இழுத்துச் சென்ற கோவேறு கழுதைகளுக்காகப் போடப்பட்டது.

பிட்ஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 720 அடி உயரத்தில் இருக்கிறது. பாதையின் உச்சி 2,392 அடி. இந்த உயரத்தை எட்ட உங்களுக்கு இரண்டு நாளோ மூன்று நாளோ, 200 கிலோமீட்டர் தூரம் தரப்படுகிறது. கணக்குப் போட்டால் நூறு மீட்டர் தூரம் போகும்போது ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக உயர்கிறீர்கள். கண்ணுக்கு அது ஏற்றமாகவே தெரியாது, பக்கத்தில் ஓடும் ஆறு எதிர்ப்பக்கமாக வருவதைப் பார்த்துத்தான் ஏறுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். உச்சியைத் தாண்டிக் கம்பர்லாந்து பக்கம் இருப்பதுதான் செங்குத்தான பகுதி; அதுவும் நூறு மீட்டருக்கு ஓர் ஆள் உயரம்தான். இந்தத் தாராளம் சைக்கிள்காரர்கள் மீதிருந்த அன்பால் வந்ததன்று. இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு. ஏற்றம் சற்றுக் கூடினாலும் நிலக்கரி ஏற்றிய நீராவி ரயிலின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். ஆகவே மலையைக் குடைந்தும் பள்ளத்தின்மேல் பாலம் போட்டும் சரிவைக் குறைக்க ரயில் கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. அந்தச் செலவின் பலனைத்தான் இன்று உங்கள் முழங்கால் அனுபவிக்கப் போகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உங்கள் மூச்சைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீங்கள் இருக்கையில் உட்காரும் நேரத்தைப் பற்றித்தான் கவலை. மலைச்சாலையில் ஏறினால் இறக்கத்தில் கால் ஓயும். சமதளமான சரளைப் பாதையில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். ஐந்தாறு மணி நேரம் ஒரே நிலையில், ஒரே வேகத்தில், ஓய்வில்லாமல் மிதிப்பதற்கு உடம்பு பழக வேண்டும். மருதமலை ஏற்றத்தை விட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் தொடர்ச்சியாக நாற்பது கிலோமீட்டர் சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் உங்களால் இருக்கையில் உட்கார முடிகிறது என்றால் பயணச்சீட்டு எடுத்துவிடலாம்.

கேள்வி: பிட்ஸ்பர்க்கில் தொடங்குவது நல்லதா, வாஷிங்டனில் தொடங்குவது நல்லதா? திரும்பி வர என்ன வழி?
– வாசகர், சென்னை

பதில்: பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தால் நெடுந்தூரம் மெல்ல ஏறி, கடைசி 38 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 540 மீட்டர் இறங்குவீர்கள், எதிர்த்திசையில் வந்தால் அந்த 38 கிலோமீட்டரும் விடாத ஏற்றம். கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை கால்வாய் மொத்தமே 605 அடிதான் இறங்குகிறது என்பதால் அங்கே திசை ஒரு பொருட்டே இல்லை. முதல் முறை போகிறவர் பிட்ஸ்பர்க்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

பெரும்பாலோர் ஆறு முதல் எட்டு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கே நாளில் முடித்தேன் என்று சொல்பவரிடம் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். திரும்புவதற்கு அம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் இருக்கிறது; வாஷிங்டன், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, கம்பர்லாந்து, கானல்ஸ்வில், பிட்ஸ்பர்க் ஆகிய ஊர்கள் ஒரே ரயில் வழியில் அமைந்திருக்கின்றன; சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைக்காமலே ஏற்றிக்கொள்ளலாம். சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், இடங்கள் மிகக் குறைவு. ரயில் நாளுக்கு ஒன்றுதான். அது பிட்ஸ்பர்க் போய்ச் சேரும்போது நள்ளிரவை நெருங்கிவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி: இதற்காகத் தனியாக ‘கிராவல் பைக்’ வாங்கத்தான் வேண்டுமா? என்னிடம் இருப்பது ஹைப்ரிட் சைக்கிள். கடைக்காரர் லட்சக் கணக்கில் சொல்கிறார்.
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். ‘கிராவல் பைக்’ என்பது பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடியும், அதைவிட அகலமான டயர் நுழையும் இடமும் உள்ள வண்டி. இந்தப் பாதைக்குத் தேவையானது அந்த அகலம்தான். உங்கள் ஹைப்ரிட்டில் 38 அல்லது 40 மில்லிமீட்டர் டயர் நுழையுமானால் அதுவே போதும். காற்றைத் திணிக்கவும் வேண்டாம். சராசரி உடல் எடை உள்ளவருக்கு 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதுமானது. எழுபது எண்பது என்று அடித்தால் ஒவ்வொரு கூழாங்கல்லும் உங்கள் மணிக்கட்டில் வந்து பேசும்.

டயரின் அகலத்தை நான் பாடமாகக் கற்றது அவமானப்பட்டுத்தான். முதல் முறை போனபோது நண்பர் ஒருவரின் 28 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு சைக்கிளை இரவல் வாங்கிப் போனேன். கம்பர்லாந்து வரை ஒரு குறையும் இல்லை. சுண்ணாம்புத் தூள் மழைநீரைக் கீழே வடித்துவிடுவதால் பாதை உறுதியாகவே இருந்தது. கால்வாய்க்கரை களிமண். பா பா என்ற கால்வாய்ச் சுரங்கத்தைத் தாண்டிய அன்று இரவு முழுக்க மழை. காலையில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் களிமண்ணும் இலைச் சருகும் சேர்ந்து டயருக்கும் முன்கவைக்கும் நடுவில் புட்டுக்குழாயில் மாவு அடைத்ததுபோல இறுகிவிட, சக்கரம் சுழல மறுத்தது. குச்சியால் குத்தி எடுப்பதும், முந்நூறு அடி போவதும், மறுபடியும் குத்துவதுமாக ஒரு காலைப் பொழுதே போயிற்று. கடைசியில் லிட்டில் ஆர்லீன்ஸ் என்ற சிற்றூரில் வெஸ்டர்ன் மெரிலாந்து ரயில் டிரெயில் கண்ணில் பட்டபோது, தார் போட்ட தரையை அவ்வளவு அன்போடு நான் பார்த்ததில்லை. அது கால்வாய்க்குப் பக்கத்திலேயே 28 மைல் தூரம் போகிற தனிப்பாதை. அதிலும் மோட்டார் வண்டி கிடையாது. ஈரக் காலத்தில் கரைப்பாதையை அங்கே விட்டுவிட்டு, ஹான்காக் ஊரைத் தாண்டி பிக் பூல் வரை தார்ப்பாதையிலேயே போய் மீண்டும் கரைக்கு இறங்குவதுதான் புத்திசாலித்தனம். அண்மை ஆண்டுகளில் கரைப்பாதையின் பல பகுதிகளில் நுண்கல் பரப்பிச் செப்பனிட்டிருக்கிறார்கள். ஆனாலும் செப்பனிடாத இடங்களில் மரவேர்களும் குழிகளும் இன்னும் இருக்கின்றன.

கம்பர்லாந்துக்கு மேற்கே உள்ள பாதைக்கும் ஒரு குணம் உண்டு. நனைந்த சுண்ணாம்புத் தூள் சங்கிலியிலும் பிரேக் கட்டையிலும் அப்பிக்கொண்டு, காய்ந்தபின் வெள்ளையடித்ததுபோல ஆகிவிடும். அதைத் துடைக்காமல் ஓட்டினால் உப்புக் காகிதம் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஒரு பழந்துணியும் சிறு குப்பி சங்கிலி எண்ணெயும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: ரயில் தடத்தையும் கால்வாயையும் சைக்கிளுக்கு விட்டுக்கொடுத்தது எப்படி? நம் ஊரில் கைவிட்ட நிலம் என்றால் மறுநாளே வேலி போட்டுவிடுவார்களே!
– வாசகி, மதுரை

பதில்: அங்கேயும் போட்டிருப்பார்கள். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1828 ஜூலை 4 அன்று, வாஷிங்டனுக்கு அருகில் செசப்பீக்–ஓஹையோ கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டியவர் அப்போதைய அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். மண்வெட்டி ஒரு வேரில் பட்டுத் தெறித்தது. அவர் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி வெட்ட, கூட்டம் ஆரவாரித்தது. அதே நாளில் பால்டிமோரில் இன்னொரு விழா நடந்தது. பால்டிமோர்–ஓஹையோ ரயில்பாதைக்கான அடிக்கல் விழா. இரண்டும் மலையைத் தாண்டி ஓஹையோ ஆற்றை எட்டுவதற்கான போட்டி. ரயில் 1842-இல் கம்பர்லாந்து வந்துவிட்டது. கால்வாய் வந்து சேர்ந்தது 1850-இல். பணம் தீர்ந்துவிட்டதால் அதற்குமேல் ஓர் அடிகூட நகரவில்லை. பெயரில் ஓஹையோ இருந்தும் கால்வாய் ஓஹையோவைப் பார்த்ததே இல்லை.

இருந்தாலும் அந்தக் கால்வாய் சாதாரண வேலையன்று. நீர்மட்டத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்க 74 லாக்குகள், அதாவது இரு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டிகள், கட்டினார்கள். குறுக்கே வந்த கிளையாறுகளின்மேல் கால்வாயையே தூக்கிக்கொண்டு போக 11 தொட்டிப் பாலங்கள் கட்டினார்கள். குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொனாக்கசி ஆற்றின்மேல் ஏழு வளைவுகளோடு நிற்கும் பாலம் 1833-இல் முடிந்தது, இன்று அதன்மேல் சைக்கிளோடு நடக்கலாம். லாக் சுவர்களின் கல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கழுதை இழுத்த கயிறு உராய்ந்து உராய்ந்து, பழைய கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் இருப்பதைப் போலவே, விரல் நுழையும் தடங்கள் இருக்கும்.

கால்வாயைக் கொன்றது ரயிலோடு சேர்ந்த வெள்ளம். 1889 வெள்ளத்துக்குப்பின் போட்டியாளரான ரயில் கம்பெனியின் பிடிக்கே அது போய்விட்டது. 1924 வெள்ளத்தோடு படகுகள் நின்றன. 1938-இல் மத்திய அரசு 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு அந்தக் கரைமீது கார்ச்சாலை போடலாம் என்ற திட்டம் எழுந்தது. 1954-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு அந்தக் கரையில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்ற பொருளில் பதில் எழுதினார். பத்திரிகைக்காரர்களும் பிறரும் கூடவே புறப்பட்டார்கள். எட்டு நாள் நடையில் முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸ் உட்பட 9 பேர். கார்ச்சாலைத் திட்டம் மெல்ல மெல்லக் கைவிடப்பட, 1971-இல் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. நீதிபதிகள் தீர்ப்பால் காப்பாற்றிய இடங்கள் பல உண்டு. காலால் காப்பாற்றியது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மேற்குப் பாதையின் கதை வேறு. வெஸ்டர்ன் மெரிலாந்து ரயில்வே 1912-இல் முடித்த தடம், எதிர்க்கரையில் ஏற்கெனவே ஒரு ரயில் ஓடியதால் மிகையாகிப்போய், 1975-இல் கைவிடப்பட்டது. ஓஹையோபைல் ஊரருகே முதல் 9 மைல் சைக்கிள் பாதையாகத் திறந்தது 1986-இல். பிட்ஸ்பர்க் நகர்முனை வரை முழுமையாக இணைந்தது 2013-இல். இடைப்பட்ட 27 ஆண்டுகளும் துண்டு துண்டாக நிலம் வாங்குவதிலும், பாலம் செப்பனிடுவதிலும், ஊர்க்காரர்களைச் சம்மதிக்க வைப்பதிலும் தன்னார்வலர்கள் செலவழித்தவை. அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டத் துணையும் உண்டு. 1983-இல் செய்த திருத்தத்தின்படி, பயன்படாத ரயில் தடத்தை எதிர்காலத் தேவைக்காகக் ‘கிடப்பில் வைத்து’, அதுவரை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் பயன்படுத்தலாம். தடம் ரயில்வேயுடையதாகவே கருதப்படுவதால், இருபுறத்து நிலக்காரர்களும் வந்து வேலி போட முடியாது. 1990-இல் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. நீங்கள் கேட்ட வேலிக்கு விடை இதுதான்.

கேள்வி: தனியாகப் போகும் பெண்ணுக்கு இது பாதுகாப்பா? சுரங்கங்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள்.
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: தனியாகப் போகும் பெண்கள் பலரை வழியில் பார்த்திருக்கிறேன், மோட்டார் வண்டி இல்லாததே பெரும் பாதுகாப்பு. குறுக்கே சாலைகள் வரும் இடங்களில் மட்டும் இறங்கி இருபுறமும் பாருங்கள்; அங்கே கார் நுழையாமலிருக்க நடுவில் நட்டிருக்கும் கட்டைகளில் பேச்சுச் சுவாரசியத்தில் மோதிக்கொண்டவர்களும் உண்டு. ஆற்றங்கரையில் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அன்றன்று எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதைக் காலையிலேயே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

சுரங்கங்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உச்சிக்கு அருகில் இருக்கும் பிக் சாவேஜ் சுரங்கம் 3,294 அடி நீளம், உள்ளே விளக்குகள் உண்டு. குளிர்காலத்தில் உட்கசியும் நீர் உறைந்து சுவரைப் பிளக்காமலிருக்க இரு வாயிலையும் கதவு போட்டு அடைத்துவிடுகிறார்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மூடியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுற்றி வர எளிய வழி கிடையாது. அதைத் தாண்டி வெளியே வந்ததும் மெரிலாந்துப் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிகிறது. இறக்கமும் அங்கேதான் வேகம் பிடிக்கிறது.

கால்வாய்க்கரையில் உள்ள பா பா சுரங்கம் 3,118 அடி. ஆறு குதிரை லாடம்போல வளைந்து வளைந்து போவதைத் தவிர்க்க மலையைக் குடைந்தார்கள். இரண்டு ஆண்டில் முடிப்பதாகச் சொல்லி 1836-இல் தொடங்கிய வேலை 1850-இல்தான் முடிந்தது. உள்ளே சுமார் 60 லட்சம் செங்கல் பதித்திருக்கிறார்கள். விளக்கு கிடையாது. ஒரு பக்கம் செங்கல் சுவர், மறுபக்கம் மரக் கைப்பிடியும் அதற்குக் கீழே கறுத்த நீரும், நடுவில் ஒரு கழுதை நடக்கும் அகலத்தில் மேடு பள்ளமான பாதை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள். நடுவழியில் ஒரு நிமிடம் விளக்கை அணைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்து வாயில் ஒரு மிளகு அளவு வெளிச்சமாகத் தெரிந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீர் கால்வாயில் விழும் ஓசை, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி சுற்றிச் சுற்றி வந்தது.

இவற்றைவிட நான் அஞ்சுவது உண்ணிக்கு. புல்லில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிறு உண்ணி லைம் நோயைப் பரப்பக்கூடியது. இரவு படுக்கும்முன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்துவிட வேண்டும். மூன்று மூன்று இலையாக இருக்கும் கொடியைத் தொடாதீர்கள். அது அரிப்பை உண்டாக்கும் ‘பாய்சன் ஐவி’.

கேள்வி: ‘யோகியோகேனி’ என்று நீங்கள் எழுதிய ஆற்றின் பெயர் சரிதானா? ‘பா பா’ என்பது பப்பாளியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலாவது என் பிழை. மேற்குப் பாதையை ஒட்டி ஓடும் அந்த ஆற்றை உள்ளூர்க்காரர்கள் ‘யாக்ககெய்னி’ என்றும், செல்லமாக ‘யாக்’ என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது பப்பாளி அன்று, உங்கள் ஊர்ப் பப்பாசியும் அன்று. அது அந்தக் காடுகளிலேயே விளையும் வேறொரு பழமரம். சதை மென்மையாக, வாழைப்பழ வாசனையோடு இருக்கும்.

கேள்வி: எங்களுக்குக் கிடைப்பது இரண்டே நாள் விடுமுறை. பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு வரும்போது சேர்த்துப் பார்க்க ஏதாவது ஒரு பகுதியைச் சொல்ல முடியுமா? பிள்ளைகளும் வருவார்கள்.
– வாசகர், ஓஹையோ

பதில்: கோயிலிலிருந்து காரில் ஓஹையோபைல் போய்விடுங்கள். அங்கிருந்து கான்ஃப்ளூயன்ஸ் வரை சுமார் 18 கிலோமீட்டர். பிள்ளைகளோடு போய்த் திரும்ப ஒரு நாளுக்குச் சரியாக இருக்கும். ஊரை ஒட்டியே ஆறு அருவியாக விழுகிறது, ஊருக்கு அருகிலேயே உயரமான பழைய ரயில் பாலம் ஒன்றும் இருக்கிறது. கீழே ரப்பர்ப் படகுகள் சுழித்துப் போவதைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாம் நாள், கம்பர்லாந்தில் காரை நிறுத்திவிட்டு, வெஸ்டர்ன் மெரிலாந்து சீனிக் ரயில்ரோடு என்ற சுற்றுலா ரயிலில் சைக்கிளோடு ஃப்ராஸ்ட்பர்க் ஏறுங்கள். ரயில் ஓடும் நாள்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து 25 கிலோமீட்டர் முழுதும் இறக்கம். வழியிலுள்ள பிரஷ் சுரங்கத்தை ரயிலும் சைக்கிளும் பகிர்ந்துகொள்வதால், ரயில் வரும் நேரத்தில் உள்ளே போகாமல் வாயிலில் காத்திருங்கள்.

முழுப் பாதையில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் மேயர்ஸ்டேல் போவேன். சாலிஸ்பரி பாலம் அங்கேதான் இருக்கிறது. 1,908 அடி நீளத்தில் காசல்மன் பள்ளத்தாக்கை, ஆறு, நெடுஞ்சாலை, இன்றும் சரக்கு ரயில் ஓடும் தண்டவாளம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாவலில் தாண்டுகிறது. கிழக்கே இன்னும் சில கிலோமீட்டர் போனால் உச்சி. அங்கே பெய்யும் மழையில் ஒரு பாதி காசல்மன், யாக்ககெய்னி, மொனாங்கஹேலா, ஓஹையோ, மிசிசிப்பி என்று ஆறு மாறி ஆறாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. மறுபாதி பொட்டோமேக் வழியாகச் செசப்பீக் விரிகுடாவுக்குப் போகிறது. கூரையின் இருபுறமும் ஓடும் நீரைப் போலத்தான். கூரைதான் கொஞ்சம் பெரியது.

கேள்வி: சாப்பாடு, தண்ணீர், தங்குமிடம்? நாங்கள் சைவம்.
– வாசகி, சேலம்

பதில்: மேற்குப் பாதையில் இருபது முப்பது கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வந்துவிடும். சைவத்துக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, பீட்சா என்று பழகிக்கொள்ள வேண்டும். புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் பையில் இருந்தால் நான்காம் நாள் உங்களை நீங்களே பாராட்டிக்கொள்வீர்கள். கால்வாய்ப் பக்கம் ஊர்கள் குறைவு, ஆனால் கரையோரமாகவே இலவசக் கூடார இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒரு கழிப்பறை, ஓர் அடிபம்பு. நம் தெருமுனையில் இருந்ததே, அதே அடிபம்புதான். தண்ணீரில் அயோடின் கலந்திருப்பார்கள். தைராய்டு தொல்லை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பம்பின் கைப்பிடியையே கழற்றிவிடுவார்கள். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள்.

கேள்வி: அமெரிக்கா போக வாய்ப்பில்லை. இதே போன்ற பாதை வேறு நாடுகளில் உண்டா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: உங்களுக்கு நியூசிலாந்து வசதி. அதன் தென்தீவில் 1990-இல் மூடிய ரயில் தடம் 2000-இல் ‘ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில்’ ஆயிற்று. கிளைடு முதல் மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர் சரளை. மரமே இல்லாத பொன்னிறப் புல்மலைகளும் டையரி ஆற்றுப் பள்ளத்தாக்கும் அதன் அழகு, காற்றுத்தான் எதிரி. கனடாவில் கெலோனா நகருக்கு மேலே மைரா கேன்யன் இருக்கிறது. அங்கே மலைவிளிம்பைச் சுற்றிப் பதினெட்டு ரயில் பாலங்கள், இரண்டு சுரங்கங்கள். 2003 காட்டுத்தீயில் மரப்பாலங்களில் 12 எரிந்துபோயின. அவற்றைப் பழைய வடிவத்திலேயே கட்டி 2008-இல் திறந்தார்கள். தூரம் குறைவு, அரை நாள் போதும்.

கேள்வி: நம் மலைகளில் இப்படி ஒரு கைவிட்ட ரயில் தடம் உண்டா?
– வாசகர், தேனி

பதில்: உங்கள் ஊருக்கு மேலேயே ஒன்று இருந்தது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிய சிறு ரயில் ஓடியது. அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி போடிக்கு அருகிலுள்ள கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. அமெரிக்கக் கால்வாயின் படகுகள் நின்றதும் அதே ஆண்டுதான். அங்கே கால்வாய்க்கரை தொடர்ச்சியாக ஒரே கையில் இருந்ததால் பிழைத்தது. இங்கே தேயிலைத் தோட்டமும் சாலையும் ரயில் தடத்தை விழுங்கிவிட்டன. இன்று எஞ்சியிருப்பவை ‘டாப் ஸ்டேஷன்’ என்ற பெயரும் சில சிதைவுகளும்தான். பேருந்தில் போகும்போது, நிலையமே இல்லாத ஊருக்கு ஏன் ஸ்டேஷன் என்று பெயர் எனப் பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை ஓட்டிவிட்டோம். ஆனால் பூஜ்ஜியம் மைல் கல்லைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை!
– வாசகர், மெரிலாந்து

பதில்: நீங்கள் மட்டுமல்லர். ஜார்ஜ்டவுனுக்குள் வந்ததும் பாதை கடைத்தெருப் பின்புறங்களில் புகுந்து தடுமாறுகிறது, பலரும் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நேராக ஆற்றங்கரையில் உள்ள தாம்சன் படகுத்துறைக்குப் போங்கள். கட்டடத்தின் பின்புறம், ராக் கிரீக் ஓடை பொட்டோமேக்கில் கலக்கும் முனையில், புல்தரையின் ஓரமாக அந்தக் கல் நிற்கிறது. துடுப்புப் படகுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.